மீன் வானுக்குள் ஒரு கட்டில்

ஜேர்மனியில் இருந்த பெரியம்மா சொந்தமாக வீடு வாங்கியது நல்ல விஷயம்தான். ஆனால் அவர் அதற்கு ஒகஸ்ட் மாதம் குடிபூரல் வைத்து, நாங்கள் எல்லாரும் கட்டாயம் வரவேண்டும் என்று தொலைபேசியில் அழுததில் இருந்து இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் வீட்டு அமைதி போய்விட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு ஆறு. அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கு ரயில் ரிக்கற் எடுப்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது நடக்காது என்பதை எல்லாரும் பேசாமலே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

வான் கதையைத் தொடக்கியவர் சித்தப்பா. ஒரு வழக்கறிஞர் வீட்டு நாய்கள் இரண்டைக் காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போவது அவருடைய வேலைகளில் ஒன்று. அப்படிப் போகும்போது வீதியோரம் நின்ற காம்பெர் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க்குழாய், மடிக்கிற மேசை. நாய்கள் இழுக்க இழுக்க நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்.

"ஒரு பழைய வான் கிடைச்சாப் போதும் அண்ணை. மிச்சத்தை நான் செய்வன்."

சித்தப்பா யாழ்ப்பாணத்தில் படவரைஞர் வேலைக்குப் படித்தவர். சண்டையால் பாதியில் நின்ற படிப்பு. அந்தப் பாதிப் படிப்பைக் காட்ட இந்த நகரத்தில் அவருக்கு இவ்வளவு காலமும் ஒரு வழியும் கிடைத்திருக்கவில்லை. அடுத்த நாளே துணிக்கடையில் இருந்து மண்ணிறப் பொதிக் கடதாசிச் சுருள் ஒன்றை வாங்கி வந்து, நான்கு தாள்களை ஒட்டி, எங்கள் அறை நிலத்தில் விரித்தார். இல்லாத வானின் நிலம் எங்கள் நிலத்தில் வந்து கிடந்தது. அதை மிதிக்காமல் குசினிக்குப் போக நாங்கள் சுவரோடு ஒட்டி நடந்தோம்.

நாங்கள் இருந்தது அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். விடிய முன்னரே கீழே தள்ளுவண்டிகள் உருளத் தொடங்கும். பிறகு கத்தரிக்காய்க்காரனும் மீன்காரனும் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கிற மாதிரிக் கத்துவார்கள். அது ஓய்கிற நேரத்தில் மேல்மாடிக்காரர் கதிரைகளை இழுக்கத் தொடங்குவார்கள். எனக்கும் தம்பிக்கும் அது சத்தம் என்றே தெரியாது. அதற்குள்தான் வளர்ந்தோம்.

அம்மா எங்களோடு இருக்கவில்லை. லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சின்யோராவின் வீட்டில் நின்று வேலை செய்தார். சின்யோரா இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்ததால் இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அம்மாவுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் லீவு. வந்தால் கிழமை முழுவதுக்கும் கறி வைப்பார், உடுப்புத் தோய்ப்பார், என்னை மடியில் இருத்திப் பேன் பார்ப்பார், தம்பியின் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். எந்நேரமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருப்பார். அவருடைய முகமே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா காலையில் அடுக்குமாடி வீடுகளின் படி கழுவுவார். பகலும் பின்னேரமும் ஓர் உணவகத்துக் குசினியில் நின்று சட்டி பானை கழுவுவார். வீட்டில் அவர் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு கதிரையில் இருந்து கால்களை இன்னொரு கதிரையில் போட்டிருப்பார். வான் கதைக்குக்கூட முதலில் அவர் "ம்" என்றுதான் சொன்னார். அந்த ஒரு "ம்" சித்தப்பாவுக்குப் போதுமாயிருந்தது.

கடதாசியில் ஒவ்வொருவரும் தங்கள் ஆசையைச் சொன்னோம். தம்பிக்குத் தனியாக ஒரு சுக்கான் வேண்டும். எனக்கு மேல்கட்டிலும் தலைமாட்டில் ஒரு லாம்பும். அப்பா அரிசிச் சாக்குக்கும் காஸ் சிலிண்டருக்கும் இடம் விடச் சொன்னார். சித்தப்பா மடிக்கிற மேசையை மட்டும் ஆறு விதமாகக் கீறி அழித்தார். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டபோது, "கதவைப் பூட்டினா வெளிச்சத்தம் வரக்கூடாது," என்றார். சித்தப்பா அதையும் எழுதி, பக்கத்தில் 'றப்பர் பட்டி' என்று குறித்தார். இதெல்லாம் ஓர் ஆசையா என்று எனக்குத் தோன்றியது.

ஐந்து பேருக்கும் அளவெடுத்துக் கட்டில் கீறும் நாள் ஒரு வியாழனாக வந்தது. என்னையும் தம்பியையும் சுவரில் நிறுத்தி அளந்தாயிற்று. அப்பாவைப் படுக்கவைத்து அளந்தாயிற்று. மிச்சம் அம்மா.

"அண்ணி, ஒருக்கா இதிலை படுங்கோ. நான் சுத்திக் கீறிப்போட்டு விட்டிடுவன்."

அம்மா கையில் இருந்த கத்தரிக்காயைத் தட்டில் வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார். கடதாசியில் படுத்தார். சித்தப்பா பென்சிலைத் தீட்டுவதற்குத் திரும்பினார். திரும்பி வந்தபோது அம்மா நித்திரை.

சும்மா கண்மூடியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். சித்தப்பா தலையில் இருந்து தொடங்கித் தோள்மூட்டு வரைக்கும் கீறினார். பென்சில் காதில் பட்டும் அம்மா அசையவில்லை. கீறியிருந்த அடுப்புக்கும் சாரதி இருக்கைக்கும் குறுக்காக, வாய் சற்றுத் திறந்தபடி கிடந்தார். நான் குனிந்து "அம்மா" என்று தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். அவருடைய கை சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, உள்ளங்கை வெடித்திருந்தது. அது என் தோலில் சொரசொரத்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

கீழே சந்தையில் கடைசி விலைக்கு விற்கிற கூச்சல். நாங்கள் நால்வரும் அந்தக் கடதாசியைச் சுற்றி நின்றோம், பிறகு இருந்தோம். எனக்கு அலுப்பாக இருந்தது. ஞாயிறில் இருந்து நான் காத்திருந்து வந்த அம்மா. காட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தில் கீறிய படம் ஒன்று வைத்திருந்தேன். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகி அப்பாதான் அவரை எழுப்பினார். தொட்டதும் அம்மா துள்ளி எழுந்து இருந்து, இத்தாலியனில், "வாறன் சின்யோரா, வாறன்!" என்றார்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மாவும் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கன்னத்தில் பென்சில் கோட்டோடு லிபெர்த்தாவுக்குப் போனார். கத்தரிக்காய் வெட்டாமல் கிடந்தது. அன்று ராத்திரிச் சாப்பாடு பாணும் முட்டையும்.

அந்தக் கிழமையே அப்பா வான் தேடத் தொடங்கினார். அதுவரை சித்தப்பாவின் விளையாட்டாக இருந்த விஷயத்தில் திடீரென்று அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று நான் யோசிக்கவில்லை. என் பாட்டுக்குச் சந்தோசப்பட்டேன். வகுப்பில் ஏற்கனவே சொல்லியிருந்தேன், நாங்கள் எங்கள் சொந்தக் காம்பெரில் ஜேர்மனிக்குப் போகிறோம் என்று. ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சுவர்ப் படத்தில் வழியைக் காட்டச் சொன்னார். மெஸ்ஸினாவில் கடல் கடந்து, நாப்போலி, ரோமா, மிலானோ என்று என் விரல் போன தூரத்தைப் பார்த்து, அதுவரை என்னோடு கதைக்காத பிள்ளைகள்கூட என் பக்கத்தில் வந்து இருந்தார்கள்.

வான் கிடைத்தது உணவகத்துக்கு மீன் கொண்டுவந்து போடுகிறவர் மூலம். வுச்சீரியாச் சந்தையில் தொழிலை விட்டுவிட்ட ஒரு மீன்காரருடைய வான், நகரத்துக்கு வெளியே ஒரு கராஜில் நிற்கிறது, விற்கிற பொறுப்பு அங்கே இருக்கும் மெக்கானிக்கிடம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காகிதம், மருந்து, மெசின் என்று எது வந்தாலும் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போவது வழக்கம். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் விசா வரிசையில்கூட நான்தான் முன்னுக்கு நிற்பேன். அப்பாவுக்குச் சட்டி பானைக்குத் தேவையான இத்தாலியன் மட்டும்தான் தெரியும் என்பது என் எண்ணம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெள்ளை வான். பக்கத்தில் ஒரு நீல மீன் கீறியிருந்தது, பாதி உரிந்திருந்தது. யன்னல் கிடையாது. ஐஸ் கரையாமல் இருக்கச் சுவர்களுக்குள் ஒரு சாண் தடிப்பில் எதையோ அடைத்திருந்தார்கள். பின்கதவைத் திறந்ததும் மீன் நாற்றம் முகத்தில் அறைந்தது. அப்பா அதற்குள் ஏறினார். ஏறிக் கதவை உள்ளுக்கு இழுத்துப் பூட்டினார். நானும் மெக்கானிக்கும் வெளியே நின்றோம். பக்கத்தில் ஒருவன் தகரத்தைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா வெகுநேரம் வரவில்லை. மீன் மணத்துக்குள் அப்படி என்னத்தைப் பார்க்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் வெளியே வந்தபிறகு மெக்கானிக் குந்தியிருந்து, ஒரு திருப்புளியால் வானின் அடிப்பக்கத்தில் குத்திக் காட்டினார். குத்திய இடம் பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது. நல்ல மனுசன். விற்கிறவர் அவர்தான், ஆனாலும் மறைக்கவில்லை. என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இருபது வருடம் மீனும் ஐசும் ஏற்றிய வான், அடியை உப்புத் தின்றுவிட்டது. எஞ்சின் பரவாயில்லை. நகரத்துக்குள் ஓடலாம், மொண்டெல்லோ கடற்கரைக்குப் போய்வரலாம். நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. மெஸ்ஸினாவுக்கே போகாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போகவே கூடாது.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

என் கண்ணுக்குள் வகுப்புச் சுவர்ப் படம் நின்றது.

"நல்ல வானாம் அப்பா. கீழை கொஞ்சம் கறளாம். எஞ்சின் நல்லதாம்."

"தூரம் போகுமாமோ?"

"ஓம். எங்கையும் போகுமாம்."

அப்பா கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நாரியை நெளித்துவிட்டு, "அப்ப சரி," என்றார். மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கையை நீட்டினார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சித்தப்பா படங்களை விரித்து வேலையைத் தொடங்கினார். வினாகிரியும் எலுமிச்சையும் போட்டு மூன்று முறை உள்ளே கழுவினோம். மீன் மணம் கொஞ்சம் தளர்ந்து, எலுமிச்சை பிழிந்த மீன் மணமாக மாறியது. கூரையில் துளை வெட்டி ஒரு காற்றுமூடி பூட்டினார்கள். படத்தின்படி முதலில் அடுப்பு மேடை வரவேண்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"முதல் கட்டில்," என்றார்.

"அண்ணை, கட்டிலை முதல் அடிச்சா மேசைக்கு இடம் வராது."

"மேசை பிறகு பாப்பம். கட்டிலை நல்லா அகலமாய் அடி. மெத்தை தடிப்பாய் வேணும்."

சித்தப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. மாதக்கணக்காகக் கீறிய மடிக்கிற மேசை ஒரு சொல்லில் போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே பலகை அறுத்தார். என் மேல்கட்டிலும் லாம்பும்கூட இல்லாமல் போயின. வேறு நேரமென்றால் நான் அழுது புரண்டிருப்பேன். அப்போது என் கவலை கீழே இருந்தது. ஒருவரும் பார்க்காத நேரம் வானுக்கடியில் தலையை விட்டுப் பார்ப்பேன். கறள் பிடித்த இரும்பு செதில் செதிலாகக் கையில் வரும். சித்தப்பாவின் டப்பாவில் இருந்து பலகை இடுக்கு அடைக்கும் பசையை எடுத்து, எட்டிய துளைகளை எல்லாம் அடைத்தேன். மிலானோவுக்குப் போகும் வழியில் அடி கழன்று, அரிசிச் சாக்கும் தம்பியும் ரோட்டில் விழுவது போல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பள்ளிக்கூடம் முடியட்டும் என்று ஒத்திவைத்தேன். பள்ளிக்கூடமும் முடிந்தது.

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சின்யோராவின் மகள் அம்மாவிடம் சொன்னார், ஒகஸ்ட் முழுவதும் சின்யோராவை மொண்டெல்லோவில் உள்ள கடற்கரை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம், நீயும் வரவேண்டும் என்று. அம்மா அதை வந்து குசினி வாசலில் நின்று சொன்னார். மறுத்தால் வேலை போகும், வேலை போனால் விசா புதுப்பிக்கிறது கஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா கடதாசிகளைச் சுருட்டினார். அப்பா "சரி, என்ன செய்யிறது," என்றார். அதை அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. சின்யோராவின் மகள் அப்படிக் கேட்டிராவிட்டால் அவர் வேறு என்ன சொல்லிப் பயணத்தை நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

நான் வாய்விட்டு அழுதேன். அது நிம்மதியில் வந்த அழுகை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா என்னை அணைத்து, "அடுத்த வருசம் கட்டாயம் போவம், என்ரை குஞ்சு," என்று தலையைத் தடவினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் அழுகை வந்தது. சித்தப்பா மட்டும் எங்கள் எல்லாருக்காகவும் குடிபூரலுக்கு ரயிலில் போனார். பெரியப்பாவுக்குக் காட்டவென்று வானின் படங்களையும் சுருட்டிக் கொண்டுபோனார்.

ஒகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வானை எடுத்துக்கொண்டு மொண்டெல்லோவுக்குப் போனார். கடற்கரைக்குப் போகிற சந்தோசத்தில் நானும் தம்பியும் நீச்சல் உடுப்பை உள்ளுக்குப் போட்டுக்கொண்டு ஏறினோம். ஆனால் அவர் கடற்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. சின்யோராவின் வீட்டுக்குப் பின்னால், பைன் மரங்கள் மூடிய ஒரு சின்ன வீதியில் நிழல் பார்த்து நிறுத்தினார். உணவகத்தில் கேட்டு வாங்கிய ஐஸ் ஒரு வாளி நிறைய இருந்தது. அதை வானுக்குள் கட்டிலடியில் வைத்து, காற்றுமூடியைத் திறந்துவிட்டார். அம்மா நடந்து வந்தார். எங்களைக் கொஞ்சினார். கையில் இருந்த பையைத் தந்து, "சாப்பிடுங்கோ, பத்து நிமிசத்திலை வாறன்," என்று சொல்லிவிட்டு வானுக்குள் ஏறினார். அப்பா வெளியே நின்று கதவைச் சாத்தினார். றப்பர் பட்டி அமுங்கிக் கதவு பொருந்தியது.

பத்து நிமிடம் பின்னேரம் ஐந்து மணிவரை நீண்டது. அப்பா வீதிவிளிம்பில் இருந்து காவல் காத்தார். நாங்கள் பந்து அடித்தால் பந்தை வாங்கி வைத்தார். தம்பி பாடினால் வாயில் விரலை வைத்தார். மரங்களுக்கு அப்பால் கடல் மின்னியது. பிள்ளைகள் கூவுவது கேட்டது. நாங்கள் நீச்சல் உடுப்போடு தர்ப்பூசணி தின்றுகொண்டு ரோட்டோரம் இருந்தோம். அப்பாவின் தலையும் இடைக்கிடை நெஞ்சில் விழுந்தது. ஐந்து மணிக்கு அம்மா இறங்கி வந்தபோது முகம் வீங்கி, கட்டில் விரிப்பின் கோடுகள் பதிந்து, மீன் மணத்தோடு, வேறு யாரோ போல இருந்தார். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

அப்படி மூன்றாவது ஞாயிறு. தம்பி அப்பாவின் காலில் சாய்ந்துகொண்டு கேட்டான், அடுத்த வருசம் இந்த வானில்தானே ஜேர்மனிக்குப் போவோம் என்று. அப்பா "ம்" என்றார்.  இன்னும் ஒரு வருடம் என்னால் தாங்க முடியாது. எழுந்து அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, அந்த மெக்கானிக் அப்பிடிச் சொல்லேல்லை. நான் பொய் சொன்னனான். இது தூரத்துக்குப் போகாதாம். அடி எல்லாம் உக்கிப் போச்சாம்!"

அழுகையில் குரல் உயர்ந்துவிட்டது. அப்பா சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அசைவில்லை. அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"மெல்லக் கதை, பிள்ளை. அம்மா நித்திரை."

அவ்வளவுதான். பிறகு பைன் காய் ஒன்றை எடுத்து, சத்தம் வராமல் சப்பாத்துக் காலால் அமர்த்தி உடைத்து, உள்ளே இருந்த பருப்பை ஊதி என் கையில் வைத்தார்.

உப்பு, தின்றுவிட்டது, போகாது. மெக்கானிக் திருப்புளியோடு குந்தியிருந்து சொன்னவை எல்லாம் இந்த அளவு சின்னச் சொற்கள்தான். ஓர் உணவகத்துக் குசினியில் ஏழு வருடம் நின்ற மனுசனுக்கு நாளாந்தம் காதில் விழுகிற, மொழிபெயர்ப்புத் தேவைப்படாத சொற்கள். இதை நான் யோசித்துப் பார்க்க எனக்கே வேலைக்குப் போகிற வயது வரவேண்டியிருந்தது. அன்று ரோட்டோரம் இருந்து பைன் பருப்பைச் சப்பியபடி எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பெரிய பொய்யை ஒப்புக்கொண்டும் ஒரு அடி விழவில்லை, ஒரு பேச்சு விழவில்லை. களைப்பில் அவருக்கு நான் சொன்னது கேட்கவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.